ஐஸ் பெட்டியில் போன இரத்தமும் 6.1 என்று வந்த பொற்றாசியமும்

கேள்வி: எனக்கு வயது 52. வெள்ளவத்தையில் இருக்கிறேன். பிரஷருக்கு லொசார்டன் 50 மில்லிகிராமும் கொலஸ்ட்ரோலுக்கு அட்டோர்வாஸ்டடினும் பாவிக்கிறேன். காலை 6.30க்கு வீட்டுக்கு வந்து இரத்தம் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டு போனார்கள். பின்னேரம் வந்த ரிப்போர்ட்டில் பொற்றாசியம் 6.1. பயந்துபோய் அன்றிரவே வைத்தியசாலையில் பார்த்தால் 4.4. ஈ.சி.ஜி., சிறுநீரகத்துக்குப் பார்க்கும் கிரியட்டினின் இரண்டும் சரி. செங்குழியத்தின் சுவர் கொழுப்பால் ஆனது என்று படித்தேன். என் கொலஸ்ட்ரோல் கூடியதால் அந்தச் சுவர் பழுதாகிப் பொற்றாசியம் கசிகிறதா? லொசார்டனை நிறுத்தட்டுமா?

பதில்: இந்த 6.1ஐ மட்டும் வைத்து லொசார்டனை நிறுத்த வேண்டாம். பொற்றாசியம் கசிந்த இடம் பெரும்பாலும் ஐஸ் பெட்டியில் போன அந்தச் சோதனைக் குழாய்தான். கசிய வைத்தது உங்கள் கொலஸ்ட்ரோல் அல்ல, குளிர்.

நீங்கள் படித்தது ஏறக்குறையச் சரி. செங்குழியத்தின் மென்சவ்வில் நிறைப்படி பாதியளவு புரதம், 40 சதவீதமளவு இலிப்பிட்டு, அதாவது கொழுப்பு. பொஸ்போலிப்பிட்டு மூலக்கூறுகள் இரண்டு அடுக்காக நிற்கின்றன. அவற்றுக்கிடையே ஏறக்குறைய அதே எண்ணிக்கையில் கொலஸ்ட்ரோல் செருகியிருக்கிறது. (இரண்டு அடுக்கு என்பதே செங்குழியத்தில்தான் முதலில் தெரிந்தது: 1925இல் கோர்ட்டர், கிரெண்டல் என்ற இரு டச்சு ஆய்வாளர்கள் செங்குழிய இலிப்பிட்டை நீரின்மேல் பரப்பி அளந்தார்கள்.) மின்னேற்றம் உள்ள சோடியமும் பொற்றாசியமும் இந்த எண்ணெய்ப் படலத்தைத் தாமாகக் கடக்க மாட்டா. அதனால்தான் செங்குழியத்துக்குள் லீற்றருக்கு 100 மில்லிமோல் அளவு பொற்றாசியமும், வெளியே இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவில் வெறும் 3.5 முதல் 5.1 வரையும் இருக்க முடிகிறது.

ஆனாலும் அந்தப் படலத்தில் உள்ள புரத வழிகளால் ஓயாமல் கொஞ்சம் கசியும். கசிந்ததைத் திரும்ப உள்ளே இழுப்பது சோடியம்-பொற்றாசியம் பம்பி. குழியத்தின் எரிபொருளான ஏ.டி.பி. மூலக்கூறு ஒன்றைச் செலவழித்து 3 சோடியத்தை வெளியே தள்ளி, 2 பொற்றாசியத்தை உள்ளே எடுக்கும். இந்தப் பம்பி தன்னைச் சூழ்ந்த இலிப்பிட்டை நம்பியே இயங்குகிறது. மென்சவ்வின் உட்பக்கத்தில் இருக்கும் பொஸ்பரிடைல்செரின் என்ற பொஸ்போலிப்பிட்டு இல்லாவிட்டால் அது ஒழுங்காக வேலை செய்யாது. குளிரில் இலிப்பிட்டு இறுகும், பம்பி 4 பாகையில் கிட்டத்தட்ட நின்றே விடும். கசிவு அந்த அளவுக்கு நிற்பதில்லை. இரத்த வங்கியில் நாட்கணக்கில் வைக்கும் இரத்தத்தில் பொற்றாசியம் ஏறிக்கொண்டே போவதும் இதனால்தான்.

எவ்வளவு கசிந்தால் 4.4 என்பது 6.1 ஆகும்? ஒரு லீற்றர் இரத்தத்தில் 400 மில்லிலீற்றர் செங்குழியம் என்று வைத்தால், அதற்குள் 40 மில்லிமோல் பொற்றாசியம். மிகுதி 600 மில்லிலீற்றர் பிளாஸ்மாவில் 1.7 கூடுவதற்கு 1 மில்லிமோல் போதும். அதாவது செங்குழியப் பொற்றாசியத்தில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு. செங்குழியம் உடைந்தால், இரத்தம் உறைந்தபின் பிரியும் நீரான சீரம் சிவக்கும், ஆய்வுகூடம் அதைக் கண்டுபிடித்துவிடும். இந்தக் கசிவிலோ ஹீமோகுளோபின் வெளியே வராது, சீரம் தெளிந்த மஞ்சளாகவே இருக்கும். எனவே ரிப்போர்ட்டில் ஒரு குறிப்பும் வராது. இதுதான் எனக்குக் கவலை தருவது. இல்லாத பொற்றாசிய ஏற்றத்தை இறக்கவென்று இன்சுலினும் குளுக்கோசும் ஏற்றினால் சீனி விழுந்து ஆபத்தாகும்.

சரி, கொலஸ்ட்ரோல்? செங்குழியத்தால் தன் இலிப்பிட்டைத் தானே ஆக்க முடியாது, ஏறக்குறைய 120 நாள் வாழ்விலும் பிளாஸ்மாவோடு பரிமாறிக்கொள்கிறது. ஈரல் கடுமையாகப் பழுதானவர்களில் மென்சவ்வில் கொலஸ்ட்ரோல் மிஞ்சி, குழியம் முள் முள்ளாக உருமாறும். பித்தநாளம் அடைபட்டால் இலக்குப் பலகை போலத் தெரியும். உங்களைப் போல வெறும் எல்.டி.எல். கூடியவருக்கு பொற்றாசிய ரிப்போர்ட்டை மாற்றுமளவு கசிவு வருவதில்லை. அட்டோர்வாஸ்டடினைத் தொடருங்கள்.

இன்னொரு தடவை முறையாக எடுத்துப் பாருங்கள். அதே இடத்திலேயே பரிசோதிக்கும் ஆய்வுகூடத்துக்கு நேரில் போங்கள். கையில் பட்டி கட்டி 1 நிமிடத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, விரல்களை மடக்கி மடக்கி விரிக்கவும் கூடாது, தசையிலிருந்தும் பொற்றாசியம் வரும். பொற்றாசியக் குழாயை ஊதா மூடிக் குழாய்க்கு முன்னரே நிரப்பச் சொல்லுங்கள். அதிலுள்ள ஈ.டி.டி.ஏ. என்ற உறைதடுப்புப் பொருள் பொற்றாசிய உப்பு, ஒரு துளி கலந்தாலும் பொற்றாசியம் பொய்யாக ஏறும், கல்சியம் இறங்கும். இரத்தத்தை உறையவிடாத ஹெப்பாரின் குழாய் ஒன்று, உறையவிடும் சாதாரண சீரக் குழாய் ஒன்று என இரண்டு எடுப்பது நல்லது. சீரத்தில் மட்டும் கூடியிருந்தால், உறையும்போது குருதிச் சிறுதட்டுகள் பொற்றாசியத்தை வெளியே விட்டனவா என்று பார்க்க வேண்டும், குறிப்பாக அவை 5 இலட்சத்துக்கு மேல் இருந்தால். ஐஸ் வேண்டாம், ஒரு மணித்தியாலத்துக்குள் மையநீக்கியில் சுற்றிப் பிரிக்கட்டும். கொழும்பு வெயிலில் மணிக்கணக்கில் வைப்பதும் பிழை: சூட்டில் பம்பி மும்முரமாகி முதலில் உண்மை அளவைக் குறைத்துக் காட்டும், பிறகு குளுக்கோஸ் தீர்ந்ததும் கசியவிடும்.

முறையாக எடுத்தும் 5.5க்கு மேல் வந்தால் அது உண்மை என்றே கொள்ள வேண்டும். லொசார்டன் பொற்றாசியத்தைக் கூட்டக்கூடியதுதான். டைக்குளோபினாக் போன்ற நோவுக் குளிசை, பொற்றாசியம் சேர்த்த 'சோடியம் குறைந்த' உப்பு, தினமும் செவ்விளநீர் ஆகியவை சேர்ந்தால் இன்னும் ஏறும். இவற்றில் எது உண்டென்று வைத்தியரிடம் சொல்லி, லொசார்டனின் அளவை அவரே தீர்மானிக்கட்டும். கைகால் சோர்வு, நெஞ்சு படபடப்பு, மயக்கம் வந்தால் ரிப்போர்ட்டுக்காகக் காத்திராமல் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள்.

சகோதரர்கள், பிள்ளைகள் யாருக்கேனும் இதேபோல் ஏறி இறங்கிய ரிப்போர்ட் உண்டா என்றும் விசாரியுங்கள். சில குடும்பங்களில் ஏபிசிபி6 போன்ற மென்சவ்வுப் புரதத்தின் மரபணு மாறியிருப்பதால், அறை வெப்பநிலையிலேயே செங்குழியம் மிகையாகக் கசியும். உடம்புக்குள், 37 பாகையில், அவர்களின் பொற்றாசியம் சரியாகவே இருக்கும். அப்படித் தெரியவந்தால், 'உடனே பிரித்து அளக்கவும்' என்று உங்கள் கிளினிக் கொப்பியின் முதற் பக்கத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.