மாயக்கதை எழுதும் கடற்கரைப் பிள்ளைகளின் கேள்விகள்

அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின் 1968-ல் எழுதிய எர்த்சீ மந்திரவாதிக் கதையைப் படித்த நம் கரைப்பக்கத்துப் பிள்ளைகள் சிலர், அவரிடமிருந்து எழுத்தை எப்படிக் கற்பது என்று கேட்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பாம்பன்: அக்கா, பிடித்தவரையே படித்துக்கொண்டிருந்தால் அவரைப் போலவே எழுத வந்துவிடாதா?

வரும், வரட்டும் தம்பி. ஆனால் அவருடைய டிராகனை எடுக்காதே, மந்திரத்துக்கு அவர் வைத்த விலையைப் பார். கெட் என்ற பையன் பள்ளியில் வீறாப்புக்காக இறந்தவளின் ஆவியை அழைக்கிறான், அந்தப் பிளவு வழியே ஒரு நிழல் பாய்ந்து அவன் முகத்தைக் கிழிக்கிறது, அதை அடைக்க வந்த தலைமை மந்திரவாதி சக்தியெல்லாம் தீர்ந்து செத்தே போகிறார். ஆசைப்பட்டவன் ஒருவன், உயிரைக் கொடுத்தவர் இன்னொருவர்! பென்சிலோடு உட்கார்ந்து அந்த அத்தியாயத்தைப் படி, யார் கேட்டது, யார் கொடுத்தது என்று ஓரத்தில் குறித்துக்கொண்டே போ.

கீழக்கரை: அரண்மனை, பனிமலை எதுவும் இல்லாத நம்ம ஊரை வைத்து மாய உலகம் எழுத முடியுமா அக்கா?

ஏன் முடியாது? எர்த்சீ முழுக்கத் தீவும் படகும் காற்றும்தானே. நம் மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள், அதில் பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் கடலுக்குள்ளேயே போய்விட்டன, இதைவிட என்ன வேண்டும்? அவர் கதையில் பாய்க்குக் காற்றை வரவழைக்க மந்திரவாதிக்குத் தெரியும், ஆனாலும் ஓரிடத்து மழையைத் திருப்பினால் இன்னோரிடம் காயுமே என்று பெரியவர்கள் தயங்குவார்கள். சரி, இங்கே ஒருத்தி கச்சான் என்ற மேல்காற்றைக் கொண்டல் என்ற கீழ்காற்றாக்கினால் யார் வீட்டு வத்தைப் படகு கரை திரும்பாது? அதிலிருந்து தொடங்கு. அவள் பாசி எடுக்கிறவளாக இருக்கட்டும். விரலில் துணி சுற்றிக்கொண்டு முங்கி, பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியைப் பறிக்கிற அந்தக் கையை முதலில் ஒழுங்காக எழுது, மந்திரத்தை அப்புறம் கொடுக்கலாம்.

ஏர்வாடி: என் கதையில் வர்ணனை அதிகம் என்கிறார்கள். எப்படிக் குறைப்பது?

லெ குவின் எழுதுகிறவர்களுக்காக 1998-ல் ஒரு பயிற்சி நூலே எழுதியிருக்கிறார். பெயரடையும் வினையடையும் இல்லாமல் எழுதிப் பார்ப்பது அதில் ஒரு பயிற்சி, கை கட்டிப்போட்ட மாதிரி இருக்கும், ஆனால் செய்து பார். ‘பயங்கரமான கருங்கடல் ஆக்ரோஷமாகச் சீறியது’ என்று எழுதியிருப்பாய். ‘கடல் வலைக்கூடத்துக்குள் ஏறியது’ என்று எழுதினால் நம் ஊர்க்காரனுக்கு வயிறு கலங்கும். எழுதியதை வாய்விட்டும் படி, மூச்சு முட்டுகிற இடம் உனக்கே தெரியும்.

தேவிபட்டினம்: முதலில் வரைபடம் போடணுமா?

போடு, அவரும் அப்படித்தான் தொடங்கினார். ஆனால் தீவுக்கெல்லாம் பேர் வைத்துக்கொண்டே உட்கார்ந்துவிடாதே, ஒருத்தனைப் படகில் ஏற்றி அனுப்பு, அவன் போகிற தீவுக்குப் பேர் வைத்தால் போதும்.