ஆங்கிள் காக் மூடவில்லை என்றால் சுவரை உடைத்துத்தான் ஆகவேண்டுமா?

கேள்வி: எங்கள் வீடு கட்டி 14 வருடம் ஆகிறது. போர் தண்ணீர்தான். வெஸ்டர்ன் டாய்லெட்டின் ஃபிளஷ் டேங்கில் இருந்து கோப்பைக்குள் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. பக்கத்துச் சுவரில், டேங்குக்குப் போகும் தண்ணீரை நிறுத்துவதற்காக உள்ள ஆங்கிள் காக்கை மூடப் பார்த்தேன். கடைசி வரை திருகியும் தண்ணீர் நிற்கவில்லை. திரும்பத் திறந்த பிறகு கைப்பிடிக்கு அடியில் புதிதாகச் சொட்டத் தொடங்கிவிட்டது. பார்க்க வந்த பிளம்பர், டைல்ஸை உடைத்து உள்ளே இருக்கும் எல்போவோடு (குழாயின் வளைவுப் பொருத்து) மாற்ற வேண்டும் என்கிறார். வேறு வழி இல்லையா? – திருப்பூர் வாசகி

பதில்: இப்போதைக்கு டைல்ஸில் கை வைக்க விடாதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதில் மூன்று கோளாறுகள் இருக்கின்றன: டேங்குக்குள் ஒரு கசிவு, காக் மூடாதது, கைப்பிடிக்கு அடியில் சொட்டுவது. மூன்றுமே சுவருக்கு வெளியே இருப்பவை. காக் சுவருக்குள் நுழையும் மரையில் கசிந்தாலோ, உள்ளே எல்போ விரிசல் விட்டிருந்தாலோதான் உடைக்கிற பேச்சுக்கே இடம்.

முதலில், அந்தக் கைப்பிடியை இனிமேல் பலம் போட்டுத் திருகாதீர்கள். நான் போன ஒரு வீட்டில், மூடாத காக்கைக் கட்டிங் பிளேயரால் பிடித்து முறுக்கி, தண்டு கையோடு வந்துவிட்டது. மொட்டை மாடி டேங்கில் இருந்த தண்ணீர் முழுவதும் அந்த அரை அங்குல ஓட்டை வழியாகக் கூடத்துக்கு வந்து சேர்ந்தது. மூட மறுக்கிற காக், கை அழுத்தத்துக்குக் கட்டுப்படாது. உள்ளே இருக்கிற காரணத்தைத்தான் சரி செய்யவேண்டும்.

அதற்கு முன்னால் தண்ணீரை மேலேயே நிறுத்த வேண்டும். மாடி டேங்கில் இருந்து பாத்ரூமுக்கு இறங்கும் குழாயில் ஒரு கேட் வால்வு இருக்கும். அதை மூடிவிட்டு, பாத்ரூமின் தாழ்வான குழாயைத் திறந்து வையுங்கள். குழாயில் தங்கியிருந்த தண்ணீர் வடிந்து சிறிது நேரத்தில் நின்றுவிட்டால் கேட் வால்வு வேலை செய்கிறது என்று அர்த்தம். அதுவும் பல வருடமாக யாரும் தொடாமல் இறுகிப் போயிருந்தால் அதோடும் மல்லுக்கட்ட வேண்டாம். மோட்டார் போடாமல் மாடி டேங்க் காலியாகும்வரை காத்திருந்து வேலையை வைத்துக்கொள்ளலாம்.

பிளம்பர் வரும்வரை இன்னொரு வழியும் இருக்கிறது. ஃபிளஷ் டேங்கின் மூடியைத் திறந்து, மிதவையின் கையை மேலே தூக்கிப் பாருங்கள். உள்ளே வரும் தண்ணீர் நின்றுவிட்டால், டேங்கின் குறுக்கே ஒரு குச்சியை வைத்து, மிதவையைக் கயிற்றால் அதோடு தூக்கிக் கட்டிவிடுங்கள். அதுவரை வாளியில் தண்ணீர் ஊற்றிச் சமாளிக்கலாம்.

இனி, எங்கே ஒழுகுகிறது என்று உறுதி செய்ய வேண்டும். காக் முழுவதையும் துணியால் ஈரம் போகத் துடையுங்கள். கைப்பிடிக்கு அடியில் ஒன்று, மேலே போகும் கனெக்‌ஷன் டியூபின் நட்டில் ஒன்று, சுவரை ஒட்டி ஒன்று என்று செய்தித்தாள் துண்டுகளைச் சுற்றி, பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். எந்தத் துண்டு முதலில் நனைகிறதோ அங்கேதான் கோளாறு. சுவரை மூடியிருக்கும் வட்டத் தகட்டைத் தள்ளிவிட்டுப் பார்க்க மறக்காதீர்கள். மேலே இருந்து வழிகிற தண்ணீர் அதற்குப் பின்னால் போய்த் தேங்கி, சுவரே கசிகிறது போல ஏமாற்றும். உங்கள் பிளம்பரும் அதைப் பார்த்துத்தான் அப்படிச் சொன்னாரோ என்னவோ.

கைப்பிடிக்கு அடியில் மட்டும் நனைந்தால் அது தண்டைச் சுற்றிக் கசியாமல் தடுக்கும் அடைப்பின் பிரச்சினை. கைப்பிடியின் தலையில் இருக்கும் சிறிய மூடியைப் பெயர்த்து, ஸ்க்ரூவைக் கழற்றினால் கைப்பிடி வந்துவிடும். பல சுற்று திருகும் பழைய வகை காக்காக இருந்தால் தண்டைச் சுற்றி ஒரு சிறிய நட்டு தெரியும். அதுதான் கிளாண்ட் நட்டு. அதை ஸ்பேனரால் கால் சுற்றுக்குள் மெல்ல இறுக்குங்கள், அதற்கு மேல் வேண்டாம். பெரும்பாலும் சொட்டு அங்கேயே நின்றுவிடும். 14 வருடம் அசையாமல் இருந்த தண்டை நீங்கள் திருகியதும் பழைய அடைப்பு இடம் பெயர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

மூடாததற்கு இது மருந்து ஆகாது. அந்த வகை காக்கில் தண்டின் நுனியில் ஒரு ரப்பர் வாஷர் இருக்கும். அது இறங்கி, தண்ணீர் வரும் வட்ட விளிம்பின் மேல் உட்கார்ந்தால்தான் ஓட்டம் நிற்கும். போர் தண்ணீரின் உப்பு அந்த விளிம்பில் வெள்ளையாகப் படிந்து கல்லாகியிருக்கும். வாஷரும் காய்ந்து கெட்டியாகியிருக்கும். கால் சுற்றிலேயே மூடும் புது வகையில் வாஷருக்குப் பதில் இரண்டு செராமிக் வில்லைகள் ஒன்றின் மேல் ஒன்று தேய்ந்து நகரும். நடுவில் பொடி மணல் சிக்கிக் கீறல் விழுந்தால் அதுவும் மூடாது.

இரண்டு வகையிலும் காக்கின் உடலைச் சுவரிலேயே விட்டுவிட்டு, உள்ளே இருக்கும் ஸ்பிண்டிலை, அதாவது தண்டோடு சேர்ந்த உள் பாகத்தை மட்டும் மாற்றலாம். மேல் தண்ணீரை நிறுத்திய பிறகு, கைப்பிடிக்குக் கீழே உடலில் பொருந்தியிருக்கும் பெரிய நட்டைக் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் திருப்ப வேண்டும். இங்கேதான் கவனம் தேவை. ஒரு ஸ்பேனரால் நட்டைத் திருப்பும்போது, இன்னொரு ஸ்பேனரால் காக்கின் உடலைத் துணி சுற்றிப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்காமல் திருகினால் அந்த முறுக்கு முழுவதும் சுவருக்குள் இருக்கும் எல்போவுக்குப் போகும். சி.பி.வி.சி. என்ற பிளாஸ்டிக் குழாயாக இருந்தால் பொருத்து விரிசல் விட்டு, உடைக்க வேண்டிய நிலை உண்மையாகவே வந்துவிடும். நட்டு அசையவில்லை என்றால் வினிகரில் நனைத்த துணியை அரை மணி நேரம் சுற்றி வைத்து, நன்றாகக் கழுவிவிட்டு மறுபடி முயலுங்கள். பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் வினிகரோ ஆசிடோ படவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும்.

ஸ்பிண்டில் வெளியே வந்ததும் விரலில் துணியைச் சுற்றி உள்ளே துடைத்துப் பாருங்கள். விளிம்பு வழுவழுப்பாக இருந்தால் உடல் நன்றாக இருக்கிறது. சொரசொரப்பாகவோ பள்ளம் விழுந்தோ இருந்தால் புது ஸ்பிண்டிலும் நிற்காது, முழுக் காக்கையும் மாற்ற வேண்டும். பழைய ஸ்பிண்டிலைக் கையோடு ஹார்டுவேர் கடைக்கு எடுத்துப் போங்கள். நீளம், மரை, கைப்பிடி உட்காரும் பற்களின் எண்ணிக்கை மூன்றும் ஒத்துப்போக வேண்டும். கண் மதிப்பில் வாங்கினால் இரண்டு நடை ஆகும். புதியதைப் போடும் முன், ஸ்பிண்டில் இருந்த ஓட்டைக்கு நேரே வாளியைப் பிடித்துக்கொண்டு மேல் வால்வை ஒரு நொடி திறந்து மூடச் சொல்லுங்கள். தங்கியிருந்த பொடியெல்லாம் வெளியே வந்துவிடும்.

முழுக் காக்கையும் மாற்றுவது என்றாலும் டைல்ஸை உடைக்கத் தேவையில்லை, அது மரையில் திருகியிருப்பதுதான். ஆனால் இதை நீங்களே செய்யாமல், பொறுமையான ஒரு பிளம்பரிடம் விடுங்கள். கழற்றிய காக்கின் மரை இளஞ்சிவப்பாக, பஞ்சு போல உதிர்ந்தால் பித்தளையில் இருந்த துத்தநாகம் கரைந்துபோய்ச் செம்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் மரை உள்ளேயே முறிந்து தங்கக்கூடும், அதை எடுக்க அனுபவமுள்ள கை வேண்டும். புதியதில் டெஃப்லான் டேப்பை மரை ஏறும் திசையில் பத்துப் பதினைந்து சுற்று சுற்றுவார்கள். வாய் மேலே பார்க்கும்படி நிறுத்தும்போது, தாண்டிப் போய்விட்டால் பின்னால் திருப்பக் கூடாது. டேப் அறுந்து கசியும். கழற்றி மறுபடி சுற்றித்தான் போட வேண்டும். கனெக்‌ஷன் டியூபையும் கூடவே மாற்றிவிடுங்கள். டேங்கின் பக்கம் இருப்பது பிளாஸ்டிக் மரை, கையால் இறுக்கினாலே போதும்.

டேங்குக்குள் இருக்கிற மூலக் கோளாறைக் கண்டுபிடிக்க, டேங்குத் தண்ணீரில் சில துளி சொட்டு நீலம் விட்டு அரை மணி நேரம் ஃபிளஷ் செய்யாமல் இருங்கள். கோப்பையில் நீலம் தெரிந்து, டேங்கின் மட்டம் வழிகுழாயின் (மிகுதித் தண்ணீரைக் கோப்பைக்குள் இறக்கும் குழாய்) வாய்க்குக் கீழே இருந்தால், அடியில் உள்ள ஃபிளஷ் வால்வின் ரப்பர் போய்விட்டது. மட்டம் ஏறி வழிகுழாய் வழியாக இறங்கினால் மிதவை வால்வு மூடவில்லை. இரண்டையும் தனித்தனியாக வாங்கிப் போடலாம்.

இரண்டு பழக்கங்களையும் சொல்லிவிடுகிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தக் காக்கை முழுதாக மூடித் திறந்து விடுங்கள். பல சுற்று வகை என்றால் முழுக்கத் திறந்தபின் கால் சுற்று பின்னால் வாருங்கள், ஒட்டிக்கொள்ளாது. தரை கழுவ ஆசிட் ஊற்றினால், அதன் புகையே குரோம் பூச்சைத் தின்னும். காக்கின் மேல் உடனே நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

வேலை முடிந்ததும் அதே செய்தித்தாள் துண்டுகளை அதே மூன்று இடங்களில் சுற்றி ஒரு இரவு விட்டுவிடுங்கள். காலையில் மூன்றும் காய்ந்திருந்தால் பிளம்பருக்குக் கூலியைக் கொடுக்கலாம்.