பூண்டைப் பிடுங்கிய பிறகுதான் பாதி வேலை

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் இரண்டு பாத்தியில் பூண்டு போட்டிருக்கிறேன். கீழ்த்தாள்கள் பழுத்துவிட்டன, மேலே பச்சையாகவே இருக்கிறது. இப்போதே பிடுங்கலாமா? பிடுங்கிய பிறகு எப்படிக் காயவைப்பது?
– வாசகி, கோத்தகிரி

பதில்: பிடுங்கலாம். முழுதும் சருகாகட்டும் என்று மட்டும் காத்திருக்காதீர்கள். பூண்டை மூடியிருக்கும் வெள்ளைத் தோல் தனியாக முளைத்து வருவதில்லை. ஒவ்வொரு தாளின் அடிப்பகுதியும்தான் ஒவ்வொரு சுற்றுத் தோல். மேலே ஒரு தாள் காய்ந்தால், மண்ணுக்குள் ஒரு தோல் நைய ஆரம்பிக்கிறது. எல்லாத் தாளும் காய்ந்த பிறகு எடுத்தால் தோல் கிழிந்து, பற்கள் விரிந்து, இடுக்கில் மண் ஏறியிருக்கும். அது வெகுநாள் தாங்காது. கீழே பாதி பழுத்து, மேலே நாலைந்து தாள் பச்சையாக நிற்பதுதான் பதம். சந்தேகமாக இருந்தால் ஓரத்தில் ஒன்றைத் தோண்டிக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். பற்கள் தனித்தனியாகத் தெரிந்து, தோலை நிரப்பிக்கொண்டிருந்தால் எடுத்துவிடலாம்.

தண்ணீரைப் பத்துப் பதினைந்து நாள் முன்பே நிறுத்திவிட வேண்டும். எடுக்கும்போது தாளைப் பிடித்து இழுக்காதீர்கள், கழுத்து அறுந்துவிடும். களைக்கொத்தால் பக்கத்து மண்ணை இளக்கிவிட்டுத் தூக்குங்கள். கொத்து பட்டதைத் தனியாக வைத்து அந்த வாரமே சமைத்துவிடுங்கள். ஒட்டிய மண்ணைக் கையால் தட்டினால் போதும், கழுவவே கூடாது.

இனிமேல்தான் முக்கியமான வேலை. நான் பிறந்தது கொடைக்கானல் மேல்மலையில். எங்கள் பக்கம் பூண்டைத் தாளோடு கட்டுக்கட்டாகக் கட்டி, விறகடுப்புப் புகை சுற்றும் கூரைக்கு அடியில் தொங்கவிடுவார்கள். தோல் பழுப்பேறி, புகைவாசம் ஏறி, வடுகபட்டிச் சந்தைக்கு இறங்கும் அந்தப் பூண்டு மாதக்கணக்கில் கெடாது. 2019-இல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது எனக்கு அந்தக் கூரைகள்தான் நினைவுக்கு வந்தன. அந்த மண்ணும் குளிரும் கொடுத்ததைக் கெடாமல் காத்தது அவைதானே!

உங்கள் வீட்டில் விறகடுப்பு இருக்காது. பரவாயில்லை. வெயிலும் சாரலும் படாத, காற்று வரும் தாழ்வாரத்தில் பத்துப் பன்னிரண்டாகத் தளர்வாகக் கட்டித் தொங்கவிடுங்கள். இரண்டு மூன்று வாரம் ஆகும். பனிமூட்டமான நாட்களில் மின்விசிறியைப் போட்டுவிடுங்கள். கழுத்தை விரலால் அழுத்தினால் ஈரம் தெரியக்கூடாது, தோல் காகிதம் போல் சரசரக்க வேண்டும். அப்புறம் தாளை ஓர் அங்குலம் விட்டு வெட்டி, வேரைக் கத்தரித்து, வலைப்பையில் போடுங்கள். பிளாஸ்டிக் பையும் வேண்டாம், பிரிட்ஜும் வேண்டாம். பிரிட்ஜின் குளிர் பூண்டைச் சீக்கிரம் முளைக்கவைக்கும்.

பெரிய, இறுக்கமான பூண்டாகப் பார்த்து விதைக்கு எடுத்துவைத்துவிட்டு, மற்றதைச் சமையலுக்குத் தொடுங்கள். சின்னதுதானே என்று மிஞ்சியதை நட்டால் அடுத்த முறையும் சின்னதாகவே வரும். விதைப்பூண்டை நடும் வரை பல் பிரிக்காமல் வையுங்கள்.

கேள்வி: மொட்டை மாடித் தொட்டியில் பூண்டு நட்டேன். பல் பிரியாமல் சின்ன வெங்காயம் மாதிரி ஒரே உருண்டையாக வந்திருக்கிறது. இது நோயா?
– வாசகர், திருச்சி

பதில்: நோயில்லை. பூண்டுக்குப் பல் பிரியக் குளிர் வேண்டும், திருச்சியில் அது கிடைக்காது. உருண்டையை அப்படியே பூண்டுக் குழம்பில் போடுங்கள், உரிப்பது சுலபம். உங்கள் ஊருக்கு நான் சொல்வது, பூண்டை அதன் தாளுக்காக நடுங்கள் என்பதுதான். இளந்தாளைக் கிள்ளி முட்டைப் பொரியலில் போட்டால் அருமையாக இருக்கும்.

கேள்வி: வீட்டுப் பூண்டில் எலுமிச்சைச் சாறு ஊற்றி ஊறுகாய் போட்டேன், பச்சையாகிவிட்டது. கொட்டிவிடலாமா? உரித்த பூண்டை நல்லெண்ணெயில் ஊறப்போட்டு வைத்தால் கெடாது என்கிறார்களே, சரியா?
– வாசகி, குன்னூர்

பதில்: ஊறுகாயைக் கொட்டாதீர்கள். பூண்டில் இருக்கும் கந்தகச் சேர்மங்கள் புளிப்போடு சேரும்போது இந்த நிறம் வரும். சரியாகக் காயாத புதுப்பூண்டில் அதிகம் வரும். தின்னலாம், ஒன்றும் செய்யாது.

எண்ணெய் விஷயம் அப்படியில்லை, தயவுசெய்து கவனமாகக் கேளுங்கள். மண்ணிலிருந்து வரும் பூண்டில் போட்டுலினம் என்ற நச்சுக் கிருமியின் விதைத்துகள்கள் இருக்கலாம். காற்றுப் புகாத, புளிப்பில்லாத இடம் அதற்கு வசதி. எண்ணெயில் மூழ்கிய பச்சைப் பூண்டு சரியாக அப்படிப்பட்ட இடம்தான். நஞ்சு உண்டானாலும் வாசத்திலோ ருசியிலோ தெரியாது, உயிரையே எடுக்கும். கொதிக்கவைத்தாலும் அந்த விதைத்துகள்கள் சாகாது. செய்தே ஆக வேண்டுமானால் கொஞ்சமாகச் செய்து, பிரிட்ஜில் வைத்து, நான்கு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். அதிகமிருந்தால் உரித்து ப்ரீசரில் வையுங்கள், மாதக்கணக்கில் இருக்கும்.

கேள்வி: ரசத்துக்குப் பூண்டை நசுக்கிப் போடுவதா, முழுசாகப் போடுவதா?
– வாசகர், மதுரை

பதில்: நசுக்கி, பத்து நிமிடம் அப்படியே விட்டுவிட்டுப் போடுங்கள். பல் நசுங்கும்போதுதான் உள்ளே தனித்தனியாக இருக்கும் அல்லின் என்ற கந்தகச் சேர்மமும் அல்லினேஸ் என்ற நொதியும் கலந்து அல்லிசின் உண்டாகிறது. காரமும் வாசமும் அதுதான். நசுக்கிய கையோடு கொதியில் போட்டால் நொதி செத்துவிடும். முழுப் பல்லாக வெந்தால் இனிப்பாக, வெண்ணெய்போல் குழையும். அது குழம்புக்கு.