ஹும்லா பள்ளிக்கு மூன்று லட்சம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நேபாளத்தின் நேபாள்கஞ்ச், சிமிகோட், ஹில்சா வழியாக ஒன்பது பேர் கைலாய யாத்திரை போய்வந்தோம். மேகம் விலகாததால் சிமிகோட்டில் இரண்டு நாள் தங்க நேர்ந்தது. திபெத் எல்லையை ஒட்டிய ஹும்லா மாவட்டத்தில், மேல் ஹும்லாவில் இருக்கும் தன் கிராமத்துப் பள்ளியைப் பற்றி வழிகாட்டி அப்போது சொன்னார். ஊர் திரும்பியதும் அந்தப் பள்ளிக்காக மூன்று லட்சம் ரூபாய் சேர்த்துவிட்டோம். வகுப்பறை கட்டித் தரலாமா? நன்றாகப் படிக்கும் இரண்டு பிள்ளைகளைக் காத்மாண்டு விடுதிப் பள்ளியில் சேர்க்கலாமா? கம்பளி, நோட்டுப் புத்தகம் வாங்கி அனுப்பினால் போதுமா? எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

எஸ்., திருப்பூர்

அன்புள்ள எஸ்.,

முதலில் அந்த இரண்டு பிள்ளைகள் விஷயம். தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். 1996 முதல் 2006 வரை நடந்த உள்நாட்டுப் போரின்போது, படிக்கவைப்பதாகச் சொல்லி ஹும்லாவின் பிள்ளைகளைத் தரகர்கள் காத்மாண்டுவுக்குக் கூட்டிப் போனார்கள். நிலத்தை விற்றுப் பணம் கொடுத்த பெற்றோரும் உண்டு. தாய் தகப்பன் உயிரோடு இருக்கும்போதே அனாதை என்று காகிதம் தயாரித்து, அந்தப் பிள்ளைகளைக் காட்டி நன்கொடை திரட்டினார்கள். உங்கள் மனம் சுத்தமானது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் 'படிப்புக்காகப் பிள்ளையைக் கீழே அனுப்பு' என்று வெளியூர்க்காரர் சொல்லும் வழக்கம் உயிரோடு இருக்கும்வரை தரகருக்கும் அது கைகொடுக்கும். ஏழு வயதில் இறங்கிய பிள்ளை பதினேழில் திரும்பும்போது அம்மாவோடு பேச மொழி இருக்காது.

கம்பளி, நோட்டு எல்லாம் நேபாள்கஞ்ச் கடைத்தெருவிலேயே கிடைக்கும். திருப்பூரிலிருந்து அனுப்பும் செலவு பொருளின் விலையைத் தாண்டிவிடும்.

கட்டடத்துக்கு வருகிறேன். நேபாளத்தில் சாலை கடைசியாகப் போய்ச் சேர்ந்த மாவட்டங்களில் ஹும்லாவும் ஒன்று. சாலை முடியும் இடத்துக்கு மேலே சிமெண்ட் மூட்டை கோவேறு கழுதை முதுகில்தான் ஏறும். ஒவ்வொரு நாள் நடைக்கும் விலை கூடும். 2015 நிலநடுக்கத்துக்குப் பிறகு, மண் சாந்தில் கல் அடுக்கிய சுவருக்குக்கூட அடித்தளம், ஜன்னலடி, ஜன்னல்மேல் என்று மட்டத்துக்கு மட்டம் சுவரைச் சுற்றி இறுக்கும் சுற்றுக்கட்டு கேட்கிறார்கள். கேட்கத்தான் வேண்டும். மூன்று லட்சத்தில் இது முடியாது. பாதியில் நின்ற சுவர்தான் மிஞ்சும். முடிந்தாலும், கட்டடம் எழுந்ததால் ஓர் ஆசிரியர் மேலே வந்துவிட மாட்டார்.

அந்தப் பள்ளிகளில் குறைவது பாடம் நடக்கும் நாட்கள். விதிப்படி ஆண்டுக்கு 220 நாள் பள்ளி திறந்திருக்க வேண்டும். ஆண்டு பைசாக் மாதம், நம் சித்திரை பிறக்கும் அதே நாட்களில் தொடங்குகிறது. இலவசப் பாடநூல் பக்தபூர் பக்கத்து சானோதிமியில் அச்சாகி மலையேறுவதற்குள் வாரங்கள் போய்விடும். ஜேட், அசார் மாதங்களில் (நம் வைகாசி, ஆனி) யார்சாகும்பா என்ற விலையுயர்ந்த மருந்துப் பூஞ்சையைத் தோண்டக் குடும்பம் மேய்ச்சல் மேட்டுக்குப் போகும், பிள்ளைகளும் கூடவே. கூர்மையான கண்ணும் தரையோடு தவழும் உடம்பும் அந்த வேலைக்கு வேண்டும் என்பதால் பிள்ளைகளின் கைதான் அதிகம் தோண்டும். அந்த வருமானத்தில்தான் வீட்டின் ஆண்டுச் செலவு ஓடுகிறது. போகாதே என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. அப்புறம் மழை, தசைன், திஹார் பண்டிகைகள். பிறகு பனி.

மீதி நாட்களிலாவது ஆசிரியர் இருக்கிறாரா? அரசு அனுமதித்த ஆசிரியர் பணியிடத்தை அங்கே தர்பந்தி என்பார்கள். தர்பந்தி காகிதத்தில் நிரம்பியிருக்கும். ஆள் மாவட்டத் தலைநகரில் இருந்துகொண்டு, சம்பளத்தில் ஒரு பங்கைக் கொடுத்து வேறொருவரை வகுப்புக்கு அனுப்பியிருப்பார். அப்படி வருபவருக்குக் கேதாலா ஆசிரியர் என்று பெயர். கூலியாள் என்று பொருள். இன்னொரு சிக்கல் மொழி. மேல் ஹும்லாவில் லிமி, நின்பா பக்கமெல்லாம் வீட்டில் பேசுவது திபெத்திய மொழியின் வட்டார வழக்கு. பாடநூலும் கீழிருந்து வரும் ஆசிரியரும் நேபாளி. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை முதல் வருடம் முழுக்க வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும். மந்தம் என்று அதை எழுதிவிடுவார்கள்.

ஆகவே என் யோசனை: அதே கிராமத்தில் பிறந்து பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒரு பெண்ணை, ஒன்று முதல் மூன்று வரையான வகுப்புகளுக்கு ஆசிரியையாக அமர்த்தப் பணம் கொடுங்கள். வீடு அங்கே இருப்பதால் பனி பெய்தாலும் அவர் இறங்கிப் போகமாட்டார். யார்சா காலம் முடிந்து பிள்ளைகள் திரும்பும் நாள் அவருக்குத் தெரியும்; விட்டுப்போன பாடத்தை நடத்த முடியும்.

கணக்கு பார்ப்போம். 1993 முதல் 100 இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய் என்று மதிப்பு நிலையாக இருக்கிறது. உங்கள் தொகை 4,80,000 நேபாள ரூபாய். மாதச் சம்பளம் 20,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். தசைனுக்கு ஒரு மாதச் சம்பளம் கூடுதலாகக் கொடுப்பது அங்கே வழக்கம், ஆக ஆண்டுக்குப் பதின்மூன்று மாதம், 2,60,000. இரண்டு ஆண்டுக்கே போதவில்லை. மூன்று ஆண்டுக்குக் குறையாமல் வாக்குக் கொடுக்க முடியாதென்றால் தொடங்கவே வேண்டாம். நடுவில் சம்பளம் நின்றால் அந்தப் பெண்ணுக்கும் ஊருக்கும் முன்பைவிட மோசம். மூன்று ஆண்டுக்கு வேண்டியது 7,80,000, அதாவது 4,87,500 இந்திய ரூபாய். குறைவது 1,87,500. ஒன்பது பேரும் 36 மாதம் ஆளுக்குச் சுமார் 580 ரூபாய் போட்டால் சரியாகிவிடும். சம்பளத் தொகையை நீங்களாக முடிவுசெய்ய வேண்டாம். பள்ளி சொந்தப் பணத்தில் அமர்த்தும் ஆசிரியருக்கு அங்கே என்ன கொடுக்கிறார்களோ அதையே கொடுங்கள். கூடக் கொடுத்தால் மற்ற ஆசிரியர்கள் அவரை ஒதுக்குவார்கள்.

இந்த ஏற்பாடு பெரும்பாலும் ஓரிடத்தில்தான் உடைகிறது. நன்கொடை ஆசிரியை வந்ததும், 'இனி ஆள் இருக்கிறதே' என்று தர்பந்தி ஆசிரியர் கீழே இறங்கிவிடுவார். பள்ளியில் ஆள் எண்ணிக்கை பழையபடியே நிற்கும். அதனால் ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதுங்கள்: இருக்கும் ஆசிரியர்கள் தொடர்ந்து வகுப்பில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பள்ளி நிர்வாகக் குழு அதை எழுத்தில் பாலிகாவுக்கு, அதாவது அந்தப் பகுதி உள்ளாட்சிக்கு, தெரிவிக்க வேண்டும். 2015 அரசியலமைப்பு பள்ளிக்கல்வியை 753 உள்ளாட்சிகளிடம் கொடுத்துவிட்டது. காத்மாண்டு அமைச்சகத்தைத் தேடிப் போகவேண்டாம். அந்தப் பாலிகாவின் கல்விப் பிரிவும் பள்ளியின் பெற்றோர் குழுவும் கையெழுத்திட்டால் போதும். மூன்றாம் ஆண்டில் பாதிச் சம்பளத்தைப் பாலிகா ஏற்கும் என்ற வரியை முதல் நாளே சேர்க்கப் பாருங்கள். ஏற்றுக்கொண்டால் 1,30,000 நேபாள ரூபாய் மிஞ்சும்.

மிஞ்சுவதை அடுப்புக்குச் செலவிடுங்கள். அங்கே பழைய கூரை என்பது உத்தரத்தின் மேல் குச்சி, அதன்மேல் பூர்ஜ (பிர்ச்) மரப்பட்டை, அதன்மேல் மிதித்து இறுக்கிய மண். பனியை உடனுக்குடன் தள்ளினால் ஒழுகாது, சூட்டையும் பிடித்துவைக்கும். அதைப் பிரித்துத் தகரம் போடுவது முன்னேற்றம் என்று நினைத்துச் செய்துவிடுகிறார்கள். இரவில் தகரத்தின் அடியில் உறையும் ஈரம், காலையில் வெயில் பட்டதும் பிள்ளைகளின் நோட்டில் சொட்டும். கூரையைத் தொடாமல் பட்டையை மட்டும் புதுப்பித்து, தரைக்குப் பலகை அடித்து, புகைக்குழாய் வைத்த இரும்படுப்பு ஒன்று கொடுத்தால் குளிர்காலத்தில் பல நாட்களை மீட்கலாம். குழாய் கூரையைத் துளைக்கும் இடத்தில் மரம் நேராகத் தொடக்கூடாது, பற்றிக்கொள்ளும். சுற்றிலும் போதிய இடம் விட்டுத் தகரப் பட்டை வைக்கச் சொல்லுங்கள். ஈர விறகு எரித்தால் சில வாரத்தில் கரி அடைத்துப் புகை உள்ளே திரும்பும். குழாயைத் தட்டிச் சுத்தம்செய்ய ஒருவரை இப்போதே பெயர் சொல்லி ஏற்பாடு செய்யுங்கள்.

பெண் பிள்ளைகளின் கழிப்பறைக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா என்றும் கேளுங்கள். மாதத்தில் அந்த நாட்களில் அவர்கள் வராமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நேபாளச் சட்டப்படி வெளிநாட்டுப் பணம், 1992 சட்டத்தின் கீழ் இயங்கும் சமூக நல மன்றத்தில் இணைந்த உள்ளூர்த் தொண்டு நிறுவனம் வழியாக, அந்த மன்றத்தின் ஒப்புதலோடு போகவேண்டும். வழிகாட்டி எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவர் சொந்தக் கணக்கில் போடாதீர்கள். ஊரில் ஒரு பேச்சு வந்தால் அவர் குடும்பமே தலைகுனியும். நன்கொடைக்கான வருமான வரிவிலக்கு இதற்குக் கிடைக்காது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பணம், அதற்கு முன் வருகைப் பதிவேட்டின் பக்கங்கள் புகைப்படமாக உங்களுக்கு வரவேண்டும். ஆண்டுக்கொரு முறை பள்ளியில் நடக்கும் சமூகத் தணிக்கைக் கூட்டத்தில் உங்கள் தொகையையும் ஊரார் முன் வாசிக்கச் சொல்லுங்கள்.

இந்த வாரமே வழிகாட்டியிடம் கேட்டுவிடுங்கள்: தர்பந்தி எத்தனை, நேற்று வகுப்பில் நின்றவர் எத்தனை பேர், ஊரில் பன்னிரண்டு முடித்த பெண்கள் யார் யார். பங்குனிக்குள் ஒப்பந்தம் கையெழுத்தானால் பைசாக் முதல் வாரத்தில் ஆசிரியை வகுப்பில் இருப்பார்.