ஜீன்ஸும் தனி ஆவர்த்தனமும்

கேள்வி: டிசம்பர் சீசனுக்குக் கல்லூரியில் படிக்கும் என் மகளை முதல்முறையாகச் சென்னைக்கு அழைத்துப் போனேன். ஜீன்ஸ், டி-ஷர்ட்டில் வந்தாள். பின்வரிசைப் பெரியவர் ஒருவர், "கச்சேரிக்கு வர்ற டிரஸ்ஸா இது?" என்று அவள் காதுபடவே சொன்னார். இனி வரவே மாட்டேன் என்கிறாள். புடவை, பாவாடை தாவணியில்தான் வர வேண்டுமா?
– வாசகி, திருச்சி

பதில்: வேண்டியதில்லை அம்மா. வருகிற மார்கழிக்கும் அழைத்து வாருங்கள், அதே ஜீன்ஸில்.

நாற்பது வருஷமாக மிருதங்கம் வாசிக்கிறேன். மேடையில் உட்கார்ந்தால் எதிரே இருப்பவர்களின் உடை என் கண்ணில் நிற்பதில்லை. யார் தாளம் போடுகிறார்கள், யார் எழுந்து போகிறார்கள் என்பதுதான் தெரியும். ரவையைப் பிசைந்து மிருதங்கத்தின் இடது பக்கமான தொப்பியில் ஒட்டி, சுருதி சேர்த்து, இரண்டு மணி நேரம் பாட்டுக்கு அனுசரணையாக வாசித்த பிறகு எனக்கென்று கிடைப்பது பத்துப் பதினைந்து நிமிஷத் தனி ஆவர்த்தனம், பாட்டு நின்று தாள வாத்தியம் மட்டும் ஒலிக்கும் நேரம். சுருக்கமாகத் தனி என்போம். பாடகர் தனி விட்டதுமே நாற்காலிகள் டப் டப்பென்று மடங்க ஆரம்பிக்கும். எழுந்து கான்டீனுக்குப் போகிறவர்களில் பட்டுப்புடவையும் உண்டு, ஜரிகை வேட்டியும் உண்டு. எத்தனை வருஷமானாலும் அந்தச் சத்தம் வலிக்கிறது.

போன சீசனில் மிஸ்ர சாபு என்ற தாளத்தில் தனி. மூன்றாவது வரிசையில் கசங்கிய டி-ஷர்ட்டில் ஒரு பையன், தாளம் தப்பாமல் போட்டுக்கொண்டே இருந்தான். தனியை முடிக்கும் தாளக் கணக்கான கோர்வை மூன்றாம் முறை முடிந்து, பாட்டு தொடங்கும் இடமான எடுப்பில் வந்து விழுந்ததும், தன்னை மறந்து "ஆஹா!" என்றான். அன்றைக்கு எனக்கு அவன் ஒருவன் போதும்.

உடை என்று பேச்செடுத்தாலே எனக்குக் கோபம் வருவதற்குக் காரணம் உண்டு. ஒரு காலத்தில் நாகஸ்வரக்காரர்கள் பெரிய மனிதர்கள் முன்னால் சட்டை போடக்கூடாது. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, நின்றபடி வாசிக்க வேண்டும். அதற்கும் மரபு என்றுதான் பெயர். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) கிராப் வைத்தார், ஷெர்வானி போட்டார், மேடையில் உட்கார்ந்து வாசித்தார். அவருடைய தோடி ராகத்துக்கு அதனால் ஒரு குறையும் வரவில்லை.

மகளிடம் வேறு சில விஷயங்களை அவசியம் சொல்லுங்கள். ஆலாபனை நடுவில் உள்ளே நுழைய வேண்டாம், பாட்டு முடிந்து கைதட்டும்போது வரலாம். செல்போனை அணைத்தே வைக்கட்டும். சைலன்ட்டில் போட்டாலும் இருட்டில் அந்த வெளிச்சம் பக்கத்து சீட்டைத் தொந்தரவு செய்யும். பிளாஸ்டிக் கவரைப் பிரிக்கும் சரசரப்பு மேடைவரை கேட்கும்.

தனிக்கு அவள் உட்கார வேண்டும். மிஸ்ர சாபு ஏழு எண்ணிக்கை, மூன்றும் நாலுமாக: தகிட, தகதிமி. இப்போதிருந்தே கையில் போட்டுப் பழகட்டும்.