கடலுக்கு முதுகு காட்டுங்கள்

அன்பின் ஐயா,

மூதூரிலிருந்து எழுதுகிறேன். ஆரம்பப் பிரிவில் படிப்பிக்கிறேன். தேத்தண்ணிக் கிளாசின் நுரையைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்துவிட்டு, போன கிழமை பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய் சவர்க்காரக் குமிழி, அதுதான் முட்டை, விட வைத்தேன். பப்பாசிக் குழல்தான். பச்சையும் ஊதாவுமாய் மினுங்கிக்கொண்டு பறந்தன. போனில் நாற்பது படத்துக்கு மேல் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் எல்லாம் வெறும் சாம்பல் வளையம். சிலதில் அதுவும் இல்லை, வானம் மட்டும். நல்ல கமரா இல்லாமல் இது சரிவராதா? "உடைகிற சாமானை ஏன் படம் பிடிக்கிறாய்" என்று என் கணவர் சிரிக்கிறார். நிலையாமைக்குச் சொல்கிற உவமையைப் போய்ப் படமெடுக்க நினைத்தது என் பிழையோ என்று எனக்கும் ஒரு யோசனை. மூன்று படம் இணைத்திருக்கிறேன். பெயர் போட வேண்டாம்.

— ஒரு வாசகி

அன்பின் ரீச்சர்,

மூன்று படத்தையும் பெருப்பித்துப் பார்த்தேன். போனில் ஒரு பிழையும் இல்லை. நீங்கள் நின்ற பக்கம்தான் பிழை. முதல் படத்தின் அடியில் அலைக்கோடு தெரிகிறது, குடாவுக்கு அப்பால் கோணேசர் மலை நீலத் திட்டாக நிற்கிறது. கடலைப் பார்த்து நின்று, வெள்ளை வெளேரென்ற வானத்துக்கு முன்னால் குமிழியைப் பிடித்திருக்கிறீர்கள். கடற்கரைக்குப் போகிற எல்லாரும் இதைத்தான் செய்வோம். நானும் இரண்டு வருஷம் இதைத்தான் செய்தேன்.

குமிழிக்குச் சொந்த நிறம் கிடையாது. அது சவர்க்காரத் தண்ணீரின் ஒரு மெல்லிய தோல். தோலின் வெளிமுகத்தில் பட்டுத் திரும்புகிற ஒளியும் உள்முகத்தில் பட்டுத் திரும்புகிற ஒளியும் ஒன்றோடொன்று சேரும்போது சில நிறம் தூக்கலாகும், சில நிறம் அடிபட்டுப் போகும். எது நிற்கும், எது போகும் என்பது தோலின் தடிப்பைப் பொறுத்தது. இப்படித் திரும்பி வருவது விழுந்த ஒளியில் நூற்றுக்குச் சில பங்குதான், மிச்சமெல்லாம் ஊடுருவிப் போய்விடும். பின்னால் வெளிச்சமான வானம் இருந்தால் அந்தச் சில பங்கு அதற்குள் அமுங்கிவிடும். அப்போ உங்கள் கண்ணுக்கு எப்படித் தெரிந்தது? கண் குமிழியோடு கூடவே போகிறது. அது ஒரு தென்னைக்கு முன்னால் கடந்த அந்தக் கணத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு, வானத்தில் காணாமல் போன நேரத்தை மறந்துவிடுகிறது. போனுக்கு அந்தப் பெருந்தன்மை இல்லை.

ஆகவே திரும்பி நில்லுங்கள். கடலுக்கு முதுகைக் காட்டுங்கள். குமிழிக்குப் பின்னால் இருட்டு வேண்டும்: மர நிழல், நிழல் விழுந்த மதில், ஒன்றும் இல்லையென்றால் ஒரு பிள்ளையிடம் கறுப்புக் குடையை விரித்துப் பிடிக்கச் சொல்லுங்கள். உங்கள் முதுகுப் பக்கம் பரந்த வானம் இருக்கட்டும்.

இப்படி நின்றால் இன்னொன்றும் நடக்கும். திருகோணமலை டச்பே கடற்கரை மணலில் ஒருநாள் காலமை ஆறரைக்கு முதல்முறையாக அப்படி நின்று எடுத்த படத்தைப் பெருப்பித்தபோதுதான் கண்டேன், நான் முதுகு காட்டிய கடல் முழுக்கக் குமிழிக்குள் இருந்தது. அதுவும் இரண்டு தரம். முன்பக்கத் தோல் குவிந்த கண்ணாடிபோல வேலை செய்து நேராக ஒரு படம் காட்டுகிறது. பின்பக்கத் தோல் குழிந்த கண்ணாடிபோலத் தலைகீழாக இன்னொன்று காட்டுகிறது. மேலே ஒரு சூரியன், கீழே ஒரு சூரியன். கரையில் இழுத்துவிட்ட வள்ளம் ஒன்று நிமிர்ந்தும் ஒன்று கவிழ்ந்தும். நடுவில் கமராவோடு நான், அதில் ஒருவன் தலையில் நிற்கிறான். குமிழியைப் படம் எடுக்கிறவன் அதிலிருந்து ஒளிக்க முடியாது, ஆகையால் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு போங்கள்.

போன் ஏன் தெளிவைத் தேடி முன்னும் பின்னும் அலைகிறது என்பதற்கும் இதுதான் காரணம். நிறம் தோலில் இருக்கிறது. பிரதிபலித்த கடலோ தோலில் இல்லை, தோலுக்கும் குமிழியின் நடுவுக்கும் இடையில் பாதிவழியில் இருக்கிறது. எது வேண்டுமென்று நீங்கள்தான் தீர்மானித்து, திரையில் அந்த இடத்தைத் தொட்டு அழுத்திப் பிடித்துப் பூட்டிவிட வேண்டும். பறக்கிற குமிழியில் இதைச் செய்யப் போனால் பைத்தியம் பிடிக்கும். ஒரு கோப்பையைச் சவர்க்காரத் தண்ணீரால் நனைத்து, அதன்மேல் குழலை வைத்து மெல்ல ஊதினால் அரைக்கோளமாக உட்காரும். வகுப்பறை யன்னலோரம் போதும். தண்ணீரில் கொஞ்சம் சீனியோ கிளிசரினோ சேருங்கள், தோல் காய்வது பிந்தும்.

உட்கார்ந்த குமிழியின் உச்சியைப் பாருங்கள். தண்ணீர் கீழே வடிய வடிய உச்சி மெலிந்துகொண்டே வரும். பச்சையும் இளஞ்சிவப்பும் பட்டை பட்டையாகக் கீழே இறங்கும். பிறகு வைக்கோல் மஞ்சள், பிறகு வெள்ளி, கடைசியில் ஓட்டை விழுந்ததுபோல ஒரு கறுப்புப் பொட்டு. அது ஓட்டை இல்லை. இரண்டு முகத்திலும் திரும்புகிற ஒளி ஒன்றையொன்று முழுக்க அழித்துவிடுகிற அளவுக்குத் தோல் அங்கே மெலிந்துவிட்டது, தலைமுடியின் தடிப்பில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. நியூட்டன் இந்தக் கறுப்பை உட்கார்ந்து பார்த்து எழுதியிருக்கிறார். அது வந்தால் விரலைத் தயாராக வையுங்கள். உடைவது நூறில் ஒரு விநாடிக்குள் முடிந்துவிடும், போனுக்கு எட்டாது. அதைத் துரத்த வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். உடைகிற படங்கள் எல்லாம் ஒரே மாதிரித்தான் இருக்கின்றன.

கச்சான் அடிக்கிற மாதங்களில் வெளியே முயலாதீர்கள். (காற்றைச் சொல்கிறேன், கொட்டையை அல்ல.) அந்த வறண்ட காற்றில் தோல் ஊதும்போதே காய்ந்துவிடும். மழை விட்ட பின்னேரம்தான் தோது.

இனி உங்கள் கணவருக்கு. நிலையாமைக்குக் குமிழியை உவமை சொன்ன பழைய புலவர்கள் கண்டது மழைத்தண்ணீரில் எழுகிற மொக்குள். வெறும் தண்ணீரில் தோலைத் தாங்கிப் பிடிக்க ஒன்றும் இல்லை, எழுந்தவுடன் உடையத்தான் செய்யும். அவர்களிடம் கொஞ்சம் சவர்க்காரத்தைக் கொடுத்திருந்தால் வேறு உவமை தேடியிருப்பார்கள். ஆதாளைக் காம்பைப் பாதி முறித்து, அந்தப் பால் படலத்தை ஊதி நாங்கள் சின்ன வயதில் விட்ட முட்டைகள் வேலி தாண்டிப் போயிருக்கின்றன. (பிள்ளைகளுக்குக் காட்டினால் வாயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஆதாளை நஞ்சு.)

குமிழியை இன்னொரு விதமாகப் பார்த்த ஒருவர் இருந்தார். ஜோசப் பிளாட்டோ, பெல்ஜியத்துப் பௌதிகவியலாளர். நுரைக்குள் எந்த விளிம்பிலும் மூன்று தோல்தான் சந்திக்கும், ஒவ்வொன்றுக்கும் இடையில் 120 பாகை இருக்கும் என்ற விதியை 1873இல் நூலாக வெளியிட்டார். அப்போது அவருக்குக் கண் தெரியாமல் போய் முப்பது வருஷம். மற்றவர்கள் பார்த்துச் சொல்லச் சொல்ல எழுதியது. சட்டி கழுவுகிற நுரையில் நான்கு தோல் ஒரே விளிம்பில் சந்தித்து நிற்கிற இடத்தை உங்கள் பிள்ளைகளைத் தேடச் சொல்லுங்கள். ஒரு பின்னேரம் சத்தமில்லாமல் போகும்.

சவர்க்காரம் இல்லாத குமிழிகளும் ஊரில் நிறைய. சந்தையில் கயிறு கட்டிப் போட்ட நண்டு வாயோரம் நுரை தள்ளுவதைக் கிட்டப் போய்ப் பாருங்கள். செவுளில் மிஞ்சிய தண்ணீரைத் திரும்பத் திரும்ப ஓட்டி மூச்சுவிடுவதில் காற்றுக் கலந்து வருகிற நுரை அது. கடுகளவு குமிழி ஒவ்வொன்றிலும் சந்தைக் குழல்விளக்கு ஒரு வெள்ளைக் கோடாகக் கிடக்கும். நான் எடுத்ததில் எனக்குப் பிடித்த படம் அதுதான், யாரும் அதைப் பாராட்டியதில்லை. உங்கள் ஊர்ப்பக்கம் மகாவலி கொட்டியாரக் குடாவில் விழுகிறது. ஆற்றின் நன்னீரில் எழுகிற குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்து உடைந்துவிடும். உப்புத் தண்ணீரில் அப்படிச் சேர்வது குறைவு, அதனால்தான் அலைநுரை அவ்வளவு பொடியாக, அவ்வளவு வெள்ளையாக இருக்கிறது. இரண்டையும் ஒரே நாளில் எடுத்து எனக்கு அனுப்ப முடியுமா?

அலைநுரைக்குக் கிட்டப் போனால் ஒரு எச்சரிக்கை. அதில் உடைகிற ஒவ்வொரு குமிழியும் உப்புத் துளிகளை மேலே எறிகிறது. எங்கள் யன்னல் கம்பிகளைத் துரு தின்பதும் இதால்தான். நான் ஒருநாள் பாறைக்குக் கீழே வயிற்றில் படுத்து ஒரு மணித்தியாலம் நுரை எடுத்தேன். அலுப்பில் துடைக்காமல் பையில் போட்டுவிட்டேன். இரண்டு கிழமையில் லென்ஸ் வளையம் நறநறவென்றது. திருத்தினவர் கழற்றிக் காட்டினார், உள்ளே உப்பளம். நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் அன்றைக்கே போனைத் துடைத்துவிடுங்கள்.

படம் வந்தால் அனுப்புங்கள். பிள்ளைகளின் முகம் தெரிகிறதைத் தளத்தில் போட மாட்டேன். குமிழிக்குள்ளே தெரிகிற முகங்களையும் பெருப்பித்துப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

அன்புடன்.