நூறு வயது கடந்த பர்மா மெடலை இங்கிலாந்துக்கு அனுப்பலாமா?

கேள்வி: நான் திருச்சியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். பழைய ராணுவ, போலீஸ் பதக்கங்களைச் சேர்த்து, அவற்றை வாங்கியவர்களைப் பற்றித் தேடிப் படிப்பது என் பழக்கம். ஆறு வருடத்துக்கு முன் காரைக்குடியில் ஒரு பழம்பொருள் கடையில் விக்டோரியா ராணி தலை போட்ட வெள்ளி மெடல் ஒன்று வாங்கினேன். மேலே ‘பர்மா 1887–89’ என்ற பட்டை. விளிம்பில் ஒரு சீக்கியச் சிப்பாயின் எண், பெயர், பர்மா மிலிட்டரி போலீஸ் பட்டாலியனின் பெயர். இங்கிலாந்தில் ஒருவர் நல்ல விலை தருவதாகச் சொல்லி, பார்சலில் அனுப்பச் சொல்கிறார். இதற்கிடையில் ஜலந்தரிலிருந்து ஒரு குடும்பம், ‘அது எங்கள் முப்பாட்டனாருடையது, திருப்பித் தராவிட்டால் போலீஸில் புகார் கொடுப்போம்’ என்று எழுதியிருக்கிறது. என்னிடம் ‘பர்மா 1930–32’ பட்டை போட்ட இன்னொரு மெடலும் உண்டு. அதையாவது அனுப்பலாமா?

பதில்: முதலில் அந்தப் பார்சலை நிறுத்துங்கள். மற்றதையெல்லாம் நிதானமாகப் பேசலாம்.

நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டம் இருக்கிறது. அதன்படி, குறைந்தது நூறு ஆண்டுகளாக இருந்துவரும் கைவினைப் பொருளோ, வரலாற்று முக்கியத்துவம் உள்ள பொருளோ தொல்பொருள் ஆகிவிடும். ‘இது சிலை இல்லையே, உள்ளங்கையில் அடங்கும் மெடல்தானே’ என்று பலர் நினைக்கிறார்கள். சட்டம் அளவைப் பார்ப்பதில்லை, வயதைத்தான் பார்க்கிறது. பிரிவு 3-இன்படி, மத்திய அரசோ அது அதிகாரம் கொடுத்த அமைப்போ தவிர வேறு யாரும் தொல்பொருளை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. தனி ஆட்களுக்கு அனுமதிச் சீட்டு வாங்கும் வழியே கிடையாது. மீறினால் பிரிவு 25-இன்படி ஆறு மாதத்துக்குக் குறையாமல் மூன்று வருடம் வரை சிறை, கூடவே அபராதம். சுங்கச் சட்டப்படி மெடலும் பறிபோகும். பார்சல் படிவத்தில் ‘பழைய நாணயம்’, ‘நினைவுப் பரிசு’ என்று எழுதி அனுப்பச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். பொய்யாக எழுதியது தனிக் குற்றமாகச் சேரும்.

‘மெடலைக் கொடுத்தது ஆங்கிலேயர்கள், போரும் பர்மாவில், இந்தியச் சட்டத்துக்கு இதில் என்ன வேலை’ என்றும் நீங்கள் கேட்கலாம். பர்மாவின் கடைசி மன்னர் தீபாவை இறக்கிவிட்டு, 1886 ஜனவரி 1 அன்று ஆங்கிலேயர்கள் மேல் பர்மாவைத் தங்கள் ஆட்சியோடு இணைத்த பிறகும் அங்கே எதிர்ப்பு பல வருடம் ஓயவில்லை. அதை அடக்கத்தான் பஞ்சாபிலிருந்தும் வட இந்தியாவின் மற்றப் பகுதிகளிலிருந்தும் ஆள் எடுத்து இந்த மிலிட்டரி போலீஸை உருவாக்கினார்கள். பெயர் போலீஸ் என்றாலும் வேலை பட்டாளத்து வேலை. 1937 வரை பர்மா பிரிட்டிஷ் இந்திய அரசின் ஆட்சிக்கு உட்பட்ட மாகாணம், மெடலின் பெயரே இந்தியப் பொதுச்சேவைப் பதக்கம். ஆனால் இதையெல்லாம் வாதிடக்கூட வேண்டியதில்லை. எந்த நாட்டில் செய்திருந்தாலும், இந்தியாவுக்குள் இருக்கிற நூறு வயதுப் பொருள் என்றால் போதும்.

இங்கிலாந்துக்காரர் உண்மையிலேயே ஆய்வுக்காகக் கேட்கிறார் என்றால் நல்ல படங்களை அனுப்புங்கள். முன்பக்கம், பின்பக்கம், விளிம்பைச் சுற்றி நாலைந்து படம். படம் அனுப்புவதைச் சட்டம் தடுக்கவில்லை.

இரண்டாவது மெடல் கதை வேறு. 1930 டிசம்பரில் பர்மாவின் தாராவடி மாவட்டத்தில், சாயா சான் என்பவர் தலைமையில் விவசாயிகள் தொடங்கிய கிளர்ச்சியை அடக்கியதற்காகக் கொடுத்த பட்டை அது. அந்த மெடலுக்கு இன்னும் நூறு வயது ஆகவில்லை, அதனால் இன்றைக்குத் தொல்பொருள் இல்லை. இருந்தாலும் சுங்க அதிகாரி பார்சலைத் திறந்து பார்த்தால், மன்னர் தலை போட்ட பழைய வெள்ளி என்று நிறுத்தத்தான் செய்வார். அதனால் முன்கூட்டியே இந்தியத் தொல்லியல் துறையிடம் காட்டி, இது தொல்பொருள் அல்ல என்று சான்றிதழ் வாங்கிவிடுங்கள். அவர்களின் சென்னை அலுவலகம் புனித ஜார்ஜ் கோட்டையில் இருக்கிறது. ஒரு பொருள் தொல்பொருளா இல்லையா என்று சந்தேகம் வந்தால் தொல்லியல் துறைத் தலைமை இயக்குநரோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ சொல்வதுதான் முடிவு. உங்கள் ஆராய்ச்சி கைகொடுக்கும் இடம் இது. பட்டையின் வருடம், அதில் இருக்கும் மன்னர் யார் என்பதைக் குறித்து ஒரு பக்கக் குறிப்போடு போனால் வேலை சுலபமாக முடியும்.

இனி ஜலந்தர் குடும்பம். இந்தக் கடிதத்தைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள், பயந்து மெடலைக் கொடுத்தும் விடாதீர்கள்.

சரக்கு விற்பனைச் சட்டத்தின் பிரிவு 27 சொல்வது இதுதான்: விற்றவருக்கு இல்லாத உரிமை வாங்கியவருக்கு வராது. எங்கோ ஓரிடத்தில் இந்த மெடல் திருடப்பட்டு, நாலு கை மாறி காரைக்குடிக்கு வந்திருந்தால், நீங்கள் நல்ல மனதோடு பணம் கொடுத்திருந்தும் அது உங்களுடையது ஆகாது. ‘ஆறு வருடமாக என்னிடம் இருக்கிறது, காலம் கடந்துவிட்டது’ என்ற வாதமும் எடுபடாது. திருட்டுப் போன அசையும் பொருளை மீட்க மூன்று வருடம் அவகாசம் என்பது உண்மைதான். ஆனால் அந்த மூன்று வருடம், பொருள் யாரிடம் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்த நாளில்தான் தொடங்கும். கடிதத் தேதியைப் பார்த்தால் அவர்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

அதே சமயம், ஒரு பொருள் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்பவர்தான் நிரூபிக்க வேண்டும். விளிம்பில் உள்ள பெயர், மெடல் யாருக்குக் கொடுக்கப்பட்டது என்பதற்குத்தான் சான்று. அந்தச் சிப்பாயே பின்னால் விற்றிருக்கலாம், அவர் மகன் அடகு வைத்து மீட்காமல் விட்டிருக்கலாம். அப்படி இருந்தால் குடும்பத்துக்கு வழக்கே கிடையாது. அதோடு, ஒரே பட்டாலியனில் ஒரே பெயரில் பல சிங்குகள் இருந்திருப்பார்கள். ஆளைப் பிரித்துக் காட்டுவது அந்த எண்தான். அதனால் பதில் கடிதத்தில் அந்த எண்ணைச் சொல்லாதீர்கள். அவர்களிடமே கேளுங்கள். ஓய்வூதியத் தாள், பணிவிடுப்புச் சான்று, பழைய குடும்பப் படம் என்று எதிலாவது அந்த எண் இருந்தால் பேச்சு வேறு மாதிரி போகும். லண்டனில், பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள இந்தியா ஆபீஸ் (அன்று இந்தியாவைக் கவனித்த பிரிட்டிஷ் அரசுத் துறை) ஆவணங்களிலும், கியூ என்ற இடத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்திலும் பதக்கப் பட்டியல்கள் இருக்கின்றன. அங்கே நகல் கேட்டு எழுதுங்கள்.

உங்கள் பக்கத்திலும் ஒரு வேலை இருக்கிறது. காரைக்குடிக் கடைக்குப் போய், இந்த மெடல் எந்த வீட்டிலிருந்து எப்போது வந்தது என்று எழுதி வாங்குங்கள். தொல்பொருள் விற்பதைத் தொழிலாக வைத்திருப்பவருக்கு அந்தச் சட்டத்தின் பிரிவு 5-இன்படி உரிமம் வேண்டும். அவரிடம் இருந்ததா என்றும் பாருங்கள். உங்களிடம் ரசீது இல்லை என்றால், பணம் கொடுத்த வங்கிக் கணக்கு விவரமாவது வேண்டும். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, நம்பக் காரணம் இருந்தோ வைத்திருந்தால்தான் பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) பிரிவு 317 பாயும். நேர்மையாக வாங்கினீர்கள் என்பதைக் காட்டப்போவது இந்தக் காகிதங்கள்தான். போலீஸ் வந்து கேட்டால் மறைக்க வேண்டாம், எடை, படம், விளிம்பு எழுத்து எல்லாம் குறித்த கைப்பற்றல் பட்டியலின் நகலை வாங்கிக்கொண்டு கொடுங்கள். பிறகு நீதிமன்றத்தில் கேட்டு வாங்கலாம்.

இன்னொன்று, வழக்கறிஞராக மட்டும் சொல்லவில்லை. அந்த எழுத்துக்கள் தேயும்படி மெடலைத் தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள். எங்கோ ஒரு கிராமத்திலிருந்து கிளம்பி, அவருக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு காட்டில் சண்டை போட்ட ஒருவர் இருந்தார் என்பதற்கு மிஞ்சியிருப்பது அந்த ஒரு வரியாக இருக்கலாம்.

எண்ணும் பெயரும் பொருந்தி, அந்தக் குடும்பம்தான் வாரிசு என்று உங்களுக்கே நம்பிக்கை வந்துவிட்டால், நீங்கள் கொடுத்த விலையை வாங்கிக்கொண்டு அவர்களுக்கே விற்கலாம். இந்தியாவுக்குள் ஒருவர் தன் சேகரிப்பிலிருந்து ஒரு பொருளை விற்பதற்குத் தடை இல்லை. பதிவு செய்யும் கட்டாயம் சிலை, ஓவியம், ஓவியமுள்ள சுவடி போன்ற சில வகைகளுக்குத்தான், மெடலுக்கு இல்லை. ‘இனி எந்தத் தரப்பும் உரிமை கோராது’ என்று இரண்டு பக்கமும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் ஒன்று போடுங்கள், எண்ணும் விளிம்பு எழுத்தும் அதில் அப்படியே இருக்கட்டும். இங்கிலாந்துக்காரர் சொன்ன விலை கிடைக்காது, தெரியும். ஆனால் அந்த விலையை வாங்க உங்களுக்குச் சட்டத்தில் வழி இல்லை.